ஆட்டம் எப்படி முடிகிறது?

பெயர் தெரியாத பழைய விளையாட்டுச் சாமான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இது என்னவென்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பவர்கள் முதலில் சொல்வது நிறத்தை. பச்சைப் பெட்டி, மேலே கண்ணாடி போல மூடி, உள்ளே குரங்கு படம். அடுத்தபடியாக அளவு. அதற்கும் அடுத்தபடியாக, அடியில் ஏதாவது எழுதியிருந்தால் அது. அந்தச் சாமான் என்ன செய்யும் என்பது கடைசியில் அரை வரியாக வரும், பல நேரம் வராமலே போகும். பதில் சொல்ல வருகிறவர்களும் இன்னொரு பச்சைப் பெட்டியைத் தேடிக்கொண்டு கிளம்புகிறார்கள். தேடல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து நின்றுவிடுகிறது.

இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்று எனக்கு நீண்ட நாளாகவே ஓர் உறுத்தல். விசையால் ஓடும் விளையாட்டுச் சாமானில் எளிதில் மாறக்கூடியது நிறம்தான். உருக்கப்போகும் பிளாஸ்டிக் மணிகளில் வேறு சாயத்தைக் கலந்தால் பச்சை சிவப்பாகிவிடும். படம் ஓர் ஒட்டுத்தாள், அதை மாற்ற அச்சகம் போதும். பெயர் விற்பவரின் விருப்பம். ஆனால் பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சு விலை மிகுந்தது, லேசில் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஒரு கம்பெனி அந்த ஆட்டத்தைக் கைவிட்டால் அச்சு இன்னொரு கம்பெனிக்குப் போகும், வேறு நாட்டுக்குப் போகும், புதுப் பெயரில் அதே ஆட்டத்தை வார்க்கும். ஜப்பானிய விளையாட்டுச் சாமான் கம்பெனியான டோமி 1979இல் கொண்டுவந்த ஒரு விளையாட்டே நல்ல சான்று. இரும்புக் குண்டு ஒன்றை, குமிழ்களையும் லீவர்களையும் ஆட்டி, தடைகள் நிறைந்த பாதையில் கடிகாரம் தீருமுன் கடத்த வேண்டும். ஜப்பானில் அதற்கு அத்லெடிக் லேண்ட் கேம் என்று பெயர். பிரிட்டனில் ஸ்க்ரூபால் ஸ்க்ராம்பிள். அமெரிக்காவில் ரன் யுவர்செல்ஃப் ராகெட் என்றும் ஸ்நாஃபு என்றும் விற்றார்கள். ஒரே ஆட்டம், நான்கு பெயர். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் நான்கில் ஒன்றைத்தான் பார்ப்பார்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? ஆட்டம் எப்படி முடிகிறது என்பதை. இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். பொம்மை ஓடிக்கொண்டே இருக்கலாம், அதற்கு முடிவு தேவையில்லை. விளையாட்டுக்கு முடிவு வேண்டும். வென்றவர் யார், தோற்றவர் யார் என்று அந்தச் சாமானே ஏதோ ஒரு வழியில் சொல்லியாக வேண்டும். வடிவமைத்தவர் மூளையை அதிகம் கசக்கியதும் அந்த இடத்தில்தான். அதனால் அந்த இடம்தான் ஒரு சாமானை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

முடிவுகளின் வகை

விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகள்தான். குண்டுகள் தீர்ந்துபோவது ஒன்று. ஐந்தோ பத்தோ குண்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பிரிங்கால் அடித்து மேலே ஏற்றுகிறோம், ஆணிகளில் மோதிக் குழிகளில் விழுகின்றன, கடைசிக் குண்டு விழுந்ததும் கூட்டிப் பார்க்கிறோம். பாகடெல், பின்பால் குடும்பம் முழுவதும் இப்படித்தான். ஸ்பிரிங் வைத்த அடிகோலுக்கு மாண்டேக் ரெட்கிரேவ் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1871இல், எண் 115357. அந்த அமைப்பு அன்றிலிருந்து இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஆகவே அடிகோலை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது. ஆனால் கீழே குண்டைத் திருப்பி அடிக்கும் இரண்டு மட்டைகள் இருந்தால் கதை வேறு. அந்த மட்டைகள் பின்பாலுக்குள் வந்தது 1947இல் காட்லீப் கம்பெனியின் ஹம்ப்டி டம்ப்டி இயந்திரத்தோடு. மேசைமேல் வைத்து ஆடும் தகரப் பின்பால் ஒன்றில் அவை இருந்தால், பார்வைக்கு எவ்வளவு பழையதாகத் தெரிந்தாலும் அது அதற்குப் பிந்தியது.

கடிகாரம் தீர்வது இன்னொன்று. 1973இல் லேக்சைடு கம்பெனி வெளியிட்ட பெர்ஃபெக்‌ஷன் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்: 25 துண்டுகள், 60 வினாடி, நேரம் முடிந்ததும் தட்டு மேலே துள்ளி எல்லாத் துண்டுகளையும் சிதறடிக்கும். மூன்றாவது, ஏதோ ஒன்று சரிவது, துள்ளுவது, பிடிபடுவது. ஐடியல் கம்பெனியின் கெர்பிளங்க் விளையாட்டில் (1967) குச்சியை உருவும்போது கோலிகள் கொட்டும். மார்க்ஸ் கம்பெனியின் ராக்'எம் சாக்'எம் ரோபாட்ஸில் (1964) தாடையில் சரியாக ஓர் அடி பட்டால் தலை மேலே எழும்பும். நான்காவது, எதிராளியின் பக்கத்தில் குண்டு விழுவது, அதாவது கோல். ஐந்தாவது, எண்சக்கரம் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொடுவது. பேட்டரி வந்த பிறகு மணியடிப்பதும் விளக்கெரிவதும் சேர்ந்துகொண்டன.

கையில் இருக்கும் சாமானில் இவற்றில் ஒன்றுகூடத் தெரியவில்லையா? அப்போது ஒன்று நிச்சயம்: ஒரு பாகம் தொலைந்திருக்கிறது. முடிவைத் தேடுவதில் எனக்கு மிகவும் பிடித்த பயன் இதுதான். அடையாளம் தெரியாத சாமான்களில் பெரும்பாலானவை முழுமையாக இல்லாததால்தான் அடையாளம் தெரியாமல் இருக்கின்றன. தொலைந்த பாகத்தின் தடம் சாமானிலேயே இருக்கும். ஒரு ஊசித்தண்டு வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தால் அதை பூதக்கண்ணாடியில் பாருங்கள். தண்டைச் சுற்றி மெல்லிய பளபளப்பான வளையம் இருந்தால் அங்கே ஏதோ ஒன்று சுழன்றிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது வெறும் தடுப்பு, ஏதோ ஒன்று வந்து முட்டி நின்ற இடம். நான்கு பக்கமும் மங்கலாகவே இருந்தால் அங்கே அசையாத ஓர் அலங்காரம் செருகியிருந்திருக்கலாம். வெயில் பட்டு வெளுத்த பிளாஸ்டிக்கில் வெளுக்காத ஒரு திட்டு இருந்தால், அந்தத் திட்டின் வடிவம்தான் காணாமல்போன பாகத்தின் வடிவம். பாலிஸ்டைரீன் தளத்தில் இரும்புக் குண்டு பல ஆண்டுகள் உருண்டால் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கிய பாதை விழும். விளக்கைத் தாழ்த்தி, சாய்வாக ஒளி விழும்படி பிடித்தால் அந்தப் பாதை தெளிவாகத் தெரியும். பாதை எங்கே தொடங்குகிறது, எங்கே கிளை பிரிகிறது, எந்த ஓட்டைக்கு முன்னால் அகலமாகிறது என்று பார்த்தால் விதிப்புத்தகம் இல்லாமலே பாதி விதி வந்துவிடும். ஓட்டைக்கு முன்னால் பாதை விரிந்திருந்தால் குண்டு அங்கே தயங்கியிருக்கிறது, அதுதான் ஆடியவர்கள் திணறிய இடம்.

சாவி கொடுக்கும் முன்

பெட்டியைக் கையில் எடுத்ததும் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். முதலில் பெட்டியை மெதுவாக நான்கு பக்கமும் சாய்த்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். உள்ளே தளர்ந்து கிடக்கும் குண்டோ உடைந்த பல்சக்கரத் துண்டோ இருந்தால் உருளும் சத்தம் வித்தியாசமாக இருக்கும். குண்டு ஒரே சீராக உருளும். உடைந்த துண்டு தடதடவென்று தாவும். அதன் பிறகு சாவியைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் இரண்டு பக்கமும் சுற்றினால் ஸ்பிரிங்கின் உள்முனை நடுத்தண்டின் கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது, அல்லது அங்கே ஒடிந்திருக்கிறது. கொஞ்சம் ஏறி 'டக்'கென்று பின்னால் வழுக்கினால் தடுப்புப் பல் தேய்ந்திருக்கிறது. அசையவே மறுத்தால் ஸ்பிரிங் ஏற்கெனவே முழுக்கச் சுற்றப்பட்டு, சக்கர வரிசையில் எங்கோ சிக்கி நிற்கிறது. காய்ந்து பிசினான எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம், அதற்கு அடுத்தது சக்கரத்தின் தண்டில் சுற்றிக்கொண்ட தலைமுடி. இந்த நிலையில் பலத்தைப் பிரயோகித்தால் உடைவது ஸ்பிரிங் அல்ல, மெல்லிய சக்கரத்தின் பல். சாவி ஏறி, விட்டவுடன் ஒரே மூச்சில் 'விர்ர்ர்' என்று தீர்ந்துபோனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் விழுந்துவிட்டது.

அந்தக் கட்டுப்பாட்டுப் பாகம் அடையாளத்துக்கு மிக உதவும். இரண்டு வகைதான் அடிக்கடி வரும். ஒன்று, கடைசிச் சக்கரத்தின் பற்களுக்கு நடுவே இடமும் வலமுமாக ஆடும் சிறு தகட்டு நாக்கு. இதன் சத்தம் 'டர்ர்ர்' என்று கரகரக்கும். மற்றொன்று, காற்றைத் தள்ளிச் சுழலும் சிறு விசிறி. இது முனகும். நேரம் காட்டும் விளையாட்டுகளில் முதல் வகையைத்தான் அதிகம் பார்க்கலாம். கடிகாரத்தின் வேகத்தைச் சீராக்கும் மெல்லிய மயிர்ச்சுருள் இதில் கிடையாது. ஆகவே ஸ்பிரிங்கின் பலத்தைப் பொறுத்து வேகம் மாறும். முகப்பில் 60 வினாடி என்று அச்சிட்டிருக்க, ஓடுவது 70ஐத் தாண்டினாலும் வியப்பில்லை: பழைய ஸ்பிரிங் தளர்ந்து நாக்கு மெதுவாக ஆடுகிறது. கைக்கடிகாரத்தை வைத்து அளந்து "இது 70 வினாடி ஆட்டம்" என்று எழுதிவிடாதீர்கள். முகப்பில் எத்தனை கோடுகள் என்று எண்ணுங்கள், அதுதான் வடிவமைத்தவர் நினைத்த நேரம்.

திறக்க வேண்டியிருந்தால் திருகு வைத்த பிளாஸ்டிக் பெட்டியை மட்டும் திறப்பதே நல்லது. தகரப் பெட்டிகள் ஓட்டையில் நுழைத்து மடித்த தகட்டு நாக்குகளால் பிடித்திருக்கும். அவற்றை நிமிர்த்தி மறுபடி மடித்தால் இரண்டு மூன்று தடவைக்குள் வேரோடு ஒடியும். தொழிற்சாலையில் ஒரு தடவை மடித்ததையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாளம் காண மட்டும்தான் திறக்கிறோம் என்றால் ஓட்டை வழியே சிறு டார்ச்சும் கைப்பேசியின் கேமராவும் போதும்.

பேட்டரி எதற்கு?

எத்தனையோ தேடல்கள் திசைமாறிப்போகும் இடம் ஒன்று உண்டு. பெட்டியின் பின்பக்கம் பேட்டரி வைக்கும் அறை இருக்கும். உடனே சாமான் மின்னணு விளையாட்டு என்ற பட்டியலுக்குப் போய்விடும். தேடுகிறவர் சில்லுகளையும் திரைகளையும் பற்றிய தகவல்களுக்குள் மூழ்கிவிடுவார், அங்கே அது ஒருபோதும் கிடைக்காது. டோமியின் பிளிப் இதற்கு மிகச் சரியான உதாரணம். 1977இல் வந்தது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடுவது. கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி இங்குமங்கும் போய்வரும். ஒவ்வொருவருக்கும் மூன்று பொத்தான்கள். புள்ளி தன் பக்கம் எந்த இடத்தில் வருகிறதோ அதற்குரிய பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தினால் புள்ளி திரும்பிப் போகும். டென்னிஸ் போலப் பந்தைத் தட்டும் வீடியோ கேம்கள் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம், டிஜிட்டல் என்ற சொல்லைப் போட்டே விற்றார்கள். பார்த்தால் யாரும் மின்னணு என்றுதான் சொல்வார்கள்.

இப்போது பேட்டரிகளைக் கழற்றிவிட்டுச் சாவி கொடுத்துப் பாருங்கள். ஓடுகிறது. சக்கரங்களின் சத்தம் அப்படியே கேட்கிறது, பொத்தான்கள் அதே பிடிப்போடு வேலை செய்கின்றன. காணாமல் போனது வெளிச்சம் மட்டும். பேட்டரி எரியவைத்தது ஒரே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை. அந்த விளக்கைச் சுமந்து இடமும் வலமும் போகிற கையை நகர்த்துவது ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். சாவி தீர்ந்தால் ஆட்டமும் நிற்கும். வீடியோ கேமின் முகமூடி போட்ட முழுக்க முழுக்க விசைச் சாமான் அது. இதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் வடிவமைத்தவர்களின்மேல் மரியாதை கூடுகிறது. ஒரு சில்லுகூட இல்லாமல், 'எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத பந்து' என்ற உணர்வைப் பல்லையும் கையையும் வைத்தே கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆகவே முடிவைக் கேட்ட கையோடு கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: பேட்டரி எந்த வேலையைச் செய்கிறது? விளக்கை மட்டும் எரிக்கலாம், மோட்டாரை மட்டும் சுற்றலாம், மணியை மட்டும் அடிக்கலாம். கார் ஓட்டும் விளையாட்டுகள் பலவற்றில் மோட்டார் ஒரு நீண்ட பட்டையைச் சுழற்றும். சாலையும் எதிர்வரும் கார்களும் அந்தப் பட்டையில் அச்சிட்டவை. மோதியதா இல்லையா என்பதை ஒரு நெம்புகோலோ தொடுதகடோ தீர்மானிக்கும். பேட்டரியைக் கழற்றி, எது நின்றது, எது நிற்கவில்லை என்று ஒரு வரி எழுதிக்கொண்டால், அடையாளம் காண முயல்கிற மற்றவர்களுக்கு ஒரு பக்கத் தகவலைவிட அது உதவும். பேட்டரி அறையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரம் என்பதால், வினிகரில் தொட்டுப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, பிறகு நீர்த்துளி தொட்ட குச்சியால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள்.

திருகும் குண்டும்

எந்த நாட்டில் செய்தது என்பதை எழுத்து சொல்லாவிட்டால் திருகு சொல்லும். பிளாஸ்டிக்கில் நேரே ஏறும் அகலப் புரித் திருகுகளால் பயனில்லை, அவை எங்கும் ஒரே மாதிரிதான். உலோகத் தகட்டிலோ நட்டிலோ ஏறும் மெல்லிய புரித் திருகு ஒன்றைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலால் விட்டத்தை அளந்து, பிறகு புரிகளை எண்ணுங்கள். 10 புரி இடைவெளிகளின் நீளம் வேண்டும். திருகு குட்டையாக இருந்தால் 5 இடைவெளியை அளந்து இரட்டிப்பாக்குங்கள். விட்டம் 3 மி.மீ. ஒட்டி, 10 இடைவெளி 5 மி.மீ. வந்தால் இன்றைய மெட்ரிக். அதே விட்டத்தில் 6 மி.மீ. வந்தால் ஜப்பானின் பழைய மெட்ரிக் புரி, அங்கே செய்த சாமானுக்கு நல்ல அடையாளம். விட்டம் 2.8, 10 இடைவெளி 5.3 என்றால் பிரிட்டனின் பழைய திருகு அளவான 6 பி.ஏ. விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் 10 இடைவெளி 6.35 என்றால் அமெரிக்கத் திருகு அளவான 4-40. விட்டத்தை மட்டும் அளந்தால் கடைசி இரண்டையும் பிரிக்கவே முடியாது, புரியை எண்ணியே ஆக வேண்டும். திருகின் தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் 1930களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஹென்றி பிலிப்ஸின் காப்புரிமைகள் 1936இல் வந்தவை. ஆனால் மற்ற திருகுகள் நேர்வெட்டாகவும் ஒன்று மட்டும் கூட்டல் வெட்டாகவும் இருந்தால் அந்த ஒன்று பின்னால் யாரோ போட்டது.

குண்டை வைத்து நாட்டைச் சொல்லப் போகாதீர்கள். 3.175, 3.97, 4.76, 6.35 மி.மீ. என்று அளந்ததும் 'அட, அங்குலக் கணக்கு, அப்படியென்றால் இங்கிலாந்தோ அமெரிக்காவோதான்' என்று முடிவுகட்டத் தோன்றும். பேரிங் குண்டுகள் உலகெங்கும் பெரும்பாலும் அங்குல அளவுகளிலேயே செய்யப்படுகின்றன, ஜப்பானியச் சாமானிலும் அவையே இருக்கும். குண்டு வேறொன்றுக்குப் பயன்படும்: தொலைந்துபோன குண்டின் அளவைக் கண்டுபிடிக்க. மிகக் குறுகிய வாயிலின் அகலத்தை அளந்தால் குண்டு அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். குண்டு தங்கி நிற்கும் மிகச் சிறிய குழியின் விட்டத்தை அளந்தால் குண்டு அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பொதுவாக ஒரே ஒரு கடை அளவுதான் பொருந்தும்.

பிளாஸ்டிக்கைச் சோதிக்க நெருப்பும் சூட்டு ஊசியும் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு என்றால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும், அது போதும். புளித்த வினிகர் வாடை தானாகவே வந்தால் செல்லுலோஸ் அசிடேட், அது அழுகத் தொடங்கிவிட்டது, மற்ற சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். மேசையில் தட்டினால் உலோகம்போல 'கிளிங்' என்பது பாலிஸ்டைரீன். தனியே கழன்று வரும், ஒட்டுத்தாள் இல்லாத துண்டைத் தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் மிதக்கும், பாலிஸ்டைரீனும் ஏ.பி.எஸ்.ஸும் மூழ்கும். பாலிப்ரோப்பிலீன் விற்பனைக்கு வந்தது 1957இல். மூடியும் பெட்டியும் ஒரே வார்ப்பாக, நடுவே தாள்போல் மெலிந்த மடிப்போடு, மிதக்கவும் செய்தால் அந்தச் சாமான் அதற்குப் பிந்தியது.

எழுத்தும் எண்ணும்

அடியில் உள்ள எழுத்தைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் நிறைய உண்டு, நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 'ஆக்குபைடு ஜப்பான்' (போருக்குப் பின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பான்) என்பது 1947 முதல் 1952 வரை. 'யு.எஸ். ஸோன் ஜெர்மனி' (ஜெர்மனியில் அமெரிக்கப் படையின் பொறுப்பில் இருந்த பகுதி) 1945க்குப் பிந்தியது. வடிவமைப்பைப் பதிவு செய்ததைக் குறிக்கும் டி.ஆர்.ஜி.எம். என்ற ஜெர்மன் எழுத்துகள் 1891க்கு முன் வர வாய்ப்பில்லை. எனக்கு இவற்றைவிட முகவரிகள்மேல் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் யாரும் முகவரியைப் போலியாக அச்சிட மெனக்கெடுவதில்லை. விதித்தாளில் அமெரிக்க ஊர்ப் பெயருக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்தால் 1943 முதல் 1963க்குள், ஐந்து இலக்கம் இருந்தால் 1963 ஜூலைக்குப் பின். ஜெர்மன் முகவரியில் நான்கு இலக்கம் 1961 முதல், ஐந்து இலக்கம் 1993 ஜூலை முதல். பெட்டியில் பார்கோடு இருந்தால் 1974க்குப் பின். பெட்டி அட்டையும் விதித்தாளும் புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னினால் அந்தக் காகிதம் ஏறக்குறைய 1950க்குப் பிந்தியது. தகரத்தில் 1920களின் ஓவியம் இருந்து, கூட வந்த தாள் மின்னினால் இரண்டில் ஒன்று பின்னால் செய்யப்பட்டது.

பெட்டியில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். விற்றவர், செய்தவர், யோசித்தவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். கையடக்கமான பாக்கெட்டீர்ஸ் வரிசையைப் பிரிட்டனில் 1975 முதல் விற்றது பாலிடாய், செய்தது டோமி. ஜப்பானில் அதன் பெயர் பாக்கெட் மேட். சிகாகோவின் மார்வின் கிளாஸ் அண்டு அசோசியேட்ஸ் ஒரு வடிவமைப்புக் கூடம். ஐடியலின் மவுஸ் ட்ராப் (1963), மார்க்ஸின் ரோபாட்ஸ், மில்டன் பிராட்லியின் ஆபரேஷன் (1965) மூன்றும் அந்த ஒரே கூடத்தின் வழியாக வந்தவை. மூன்று கம்பெனிகளின் வரலாற்றைப் புரட்டினாலும் அவற்றுக்கிடையே உள்ள உறவு தெரியாது, காப்புரிமைகளில் தெரியும்.

அதனால்தான் முடிவைக் கேட்பது கடைசியில் காப்புரிமைக்கு அழைத்துச் செல்கிறது. காப்புரிமையில் நிறமும் குரங்கும் இருக்காது. குண்டை விடுவிக்கும் கொக்கி, நேரம் தீர்ந்ததும் தட்டைத் துள்ளச்செய்யும் ஸ்பிரிங் என்று செயலைத்தான் எழுதியிருப்பார்கள். எண் அச்சிட்டிருந்தால் காலத்தை உடனே கட்டலாம்: அமெரிக்க எண் 20 லட்சத்தைத் தொட்டது 1935இல், 30 லட்சம் 1961இல், 40 லட்சம் 1976 டிசம்பரில். சாமான் அந்த எண்ணுக்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக எவ்வளவு ஆண்டும் இருக்கலாம். எண் இல்லாவிட்டால், காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண் வழியே போகலாம். 1976க்கு முந்திய அமெரிக்கக் காப்புரிமைகளை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பழைய தேடலில் (2022 வரை இருந்தது) சொல்லை வைத்துத் தேட முடியாது: எண், தேதி, வகைப்பாடு மட்டும்தான் எடுபட்டன. சர்வதேச வகைப்பாட்டில் குண்டு குழியில் விழும் ஆட்டங்கள் ஏ63எஃப் 7/02, கையில் வைத்து ஆட்டும் சிறு பெட்டிகளும் புதிர்ப்பாதைகளும் 7/04, கால்பந்து, ஹாக்கி போன்ற மேசை ஆட்டங்கள் 7/06, பந்தய ஆட்டங்கள் 9/14, மீன்பிடிப்பது போன்ற பிடிக்கும் ஆட்டங்கள் 9/30. பழைய அமெரிக்க வகைப்பாட்டில் இவற்றில் பெரும்பாலானவை 273க்குள் அடங்கும். சொல்லை வைத்துத் தேடும்போது 'டாய்' என்று போட்டால் அதிகம் கிடைக்காது. 'அம்யூஸ்மெண்ட் டிவைஸ்', 'கேம் அப்பரேட்டஸ்' என்று போடுங்கள். குண்டைக்கூட வக்கீல்கள் 'ஸ்பெரிக்கல் மெம்பர்' (கோள வடிவ உறுப்பு) என்றுதான் எழுதுவார்கள். நெருங்கிய ஒரு காப்புரிமை கிடைத்துவிட்டால் அதன் முடிவில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கக் காப்புரிமைகளில் 1947 முதல் அந்தப் பட்டியல் அச்சாகிறது. முன்னோடி ஒன்றிலிருந்து பின்னோடி ஒன்றுக்கு இரண்டு மூன்று தாவலில் பெரும்பாலும் சரியான படம் வந்துவிடும்.

படம் கையில் உள்ளதோடு அச்சுக்கு அச்சு ஒத்துப்போகாது. விண்ணப்பத்துக்கும் விற்பனைக்கும் நடுவே செலவைக் குறைக்கப் பாகங்களைக் குறைப்பார்கள். ஆறு தடைகள் நான்காகும், உலோகக் கை பிளாஸ்டிக்காகும். ஒத்துப்போக வேண்டியது முடிவு அமைப்பு ஒன்றுதான். அது ஒத்தால் காப்புரிமை யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தக் கம்பெனியின் பழைய விற்பனைப் பட்டியல்களுக்குப் போகலாம். அமெரிக்கக் கடை நிறுவனமான சியர்ஸின் கிறிஸ்துமஸ் பட்டியல்கள், அமெரிக்காவின் ராசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கும் வணிகப் பட்டியல்கள், நியூரம்பெர்க் பொம்மை அருங்காட்சியகம் ஆகியவை நல்ல தொடக்கம். காப்புரிமை வழங்கிய ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னிருந்தே பாருங்கள், ஏனென்றால் 'பேடெண்ட் பெண்டிங்' (காப்புரிமை இன்னும் பரிசீலனையில்) என்று அச்சிட்டு முதலிலேயே விற்கத் தொடங்கிவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியாமல் மற்றவர்களிடம் கேட்பதாக இருந்தால், கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒருவர் ஆடுவது. 4.76 மி.மீ. இரும்புக் குண்டுகள் மூன்று. வலப்பக்க லீவர் குண்டை மேலே எறிகிறது, இடப்பக்கக் குமிழ் ஒரு கூடையை நகர்த்துகிறது. சாவி கொடுத்தால் 30 கோடுகள் உள்ள முகப்பு பின்னோக்கி ஓடுகிறது, பூஜ்யம் வந்ததும் கூடையின் அடி திறந்து குண்டுகள் கீழே கொட்டுகின்றன. பேட்டரி இல்லை. உலோகத் திருகுகளில் 10 புரி இடைவெளி 6 மி.மீ. மேல்மூடி தட்டினால் கிளிங் என்கிறது. நடுவில் ஒரு தண்டு வெறுமனே இருக்கிறது, அதைச் சுற்றிப் பளபளப்பான வளையம். பச்சை நிறம்." கூடவே நான்கு படங்கள் போதும்: மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒன்று, அந்தத் தண்டை மட்டும் அருகில் எடுத்தது ஒன்று.